மேற்குப் பார்த்த கொட்டகை

திருவொற்றியூர்
21-04-2025

மாப்பிள்ளை சண்முகவேலுக்கு,

சுயம்பு எழுதுவது. நலமா என்று கேட்பதற்காக உட்காரவில்லை. நீ நலமாக இருப்பது தெரியும். உன் அக்கா ஆவுடையம்மாள் தினமும் உன்னோடு போனில் பேசிவிட்டு, நீ என்ன சாப்பிட்டாய் என்பதுவரை என் காதில் விழும்படி சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி உன்னோடு பேச மாட்டேன் என்று தை மாதம், கொட்டகைக்கு இடம் பார்த்த அந்தப் பொட்டலில் வைத்துச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. வேலை நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஷாகுல் ஹமீது பாய் லாரியில் தூண்கள், கூரையைத் தாங்கும் இரும்பு டிரஸ்கள், கூரைச் சட்டங்கள், ஷீட் எல்லாம் ஏற்றியாயிற்று. டிரஸ்களின் மேல் வெள்ளையில் எண் போட்டிருக்கிறேன். அந்த வரிசையிலேயே ஏற்று. கதவு கடைசியில் வரும். இவ்வளவு அகலக் கதவு நம் பட்டறையில் இதுவரை செய்ததில்லை. ஒரு விமானம் சிறகை மடக்காமல் நுழைய வேண்டுமாம். பேர் ஹேங்கராம். எனக்கு எல்லாம் கொட்டகைதான்.

இனி என் மனத்தில் இருப்பது. நாம் இருவரும் நாற்பது வருடமாக ஒரே தொழிலில் இருக்கிறோம். நான் இங்கே பட்டறையில் இரும்பை வெட்டி ஒட்டுவேன், நீ போகிற இடத்தில் நிறுத்துவாய். ஒருநாளாவது நீ நிறுத்தியதில் நான் கை வைத்திருக்கிறேனா? அப்படியிருக்க, பார்ட்டி ஜெயக்கொடி நிற்கும்போது, அவர் முன்னாலேயே, "அத்தான், வாசலை மேற்கே வைக்காதீங்க" என்று சொன்னாயே. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் அவர் அப்பாவுக்கு நான் போட்ட குடோனைப் பார்த்து வளர்ந்தவர். அந்த நம்பிக்கையில்தான் சொந்தமாக வாங்கிய சின்ன விமானத்துக்குக் கொட்டகை போட அத்தனை தூரம் நம்மைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அன்று ஒரு சந்தேகம் வந்தது. அதை வரவழைத்தது நீ.

ராயபுரத்திலிருந்து காத்திவாக்கம்வரை நான் போட்ட கொட்டகை எல்லாமே கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்கிறது. காற்று கிழக்கே இருந்து வரும், வாசல் மேற்கே இருக்கும். வர்தா புயலில் பக்கத்துக் கம்பெனிகளின் கூரை எல்லாம் ரயில் பாதையில் கிடந்தது. என்னுடையதில் ஒரு ஷீட் போகவில்லை. அந்தப் பொட்டலிலும் நான் நின்று பார்த்தேன். காற்று கிழக்கிலிருந்து வந்து என் பிடரியில் பட்டது. பட்ட பிடரி என்னுடையது. நீ எனக்குக் காற்றுச் சொல்லித்தர வேண்டாம்.

நம் சட்டத்தை மறக்காதே. நான் மாக்கல்லால் போடும் வெள்ளைக் கோடு இல்லாமல் சைட்டில் இரும்பை வெட்டக் கூடாது, போட்ட ஷீட்டைக் கழற்றக் கூடாது. எண்ணூரில் கிரேன் நுழைவதற்காக எவனோ ஒரு இரும்புச் சட்டத்தை வெட்டி, கொட்டகை மடிந்து உட்கார்ந்தபோது உள்ளே இருந்த ஆளை நீயும் நானும்தான் வெளியே எடுத்தோம். அன்று போட்ட சட்டம் அது.

சுயம்பு


கரிசல்புளி
28-04-2025

அத்தானுக்கு,

சண்முகவேல் எழுதுவது. கடிதம் கிடைத்தது. லாரி பத்திரமாக வந்துவிட்டது. ஷாகுல் பாய்க்குத்தான் பாதை பிடிக்கவில்லை. "இன்னாத்துக்கு அண்ணாத்தே இந்த பொட்டக்காட்ல பிளேன் வுடறாங்க? ஆடுதான் ஓடினுகீது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம். சொந்த விமானம் வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து செப்பனிட்டிருக்கிறார்கள். விமானம் இறங்கும் முன் ஒரு ஆள் விசில் ஊதி ஆட்டை விரட்டுவார்.

தூண் எல்லாம் நிறுத்தியாயிற்று. பேஸ் பிளேட் ஒன்றுகூட இடறவில்லை, போல்ட் நூல் பிடித்ததுபோல இறங்கியது. உங்கள் வேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஜெயக்கொடி சார் பக்கத்து ஊரில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். காலையில் வந்து விமானத்தின் தார்ப்பாயை விலக்கித் துடைப்பார், மாலையில் மூடுவார். மஞ்சள் நிறம். தட்டான் பூச்சி மாதிரி இருக்கிறது. இரண்டு பேர் வால் பக்கம் பிடித்தால் எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம். பெட்டி பெட்டியாக வந்ததை அவரே மூன்று வருடமாக உட்கார்ந்து கோத்தாராம். "மழைக்கு முன்னாடி உள்ள ஏத்திரணும் சண்முகவேல்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உங்களை அவர் முன்னால் மறுத்துப் பேசியது தப்புத்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள், அன்று சாயங்காலமே ரயில். எனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் வந்தது தை மாதம். இங்கே வாடைக்காலத்தில்தான் கிழக்குக் காற்று. ஆனி ஆடியில் மலைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். என் அம்மா ஊர் இந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். பொட்டலைச் சுற்றி நிற்கும் உடைமரம் எல்லாம் கிழக்கே சாய்ந்துதான் வளர்ந்திருக்கிறது. நேற்று சும்மா சுற்றிப் பார்த்தேன், மேற்கே சாய்ந்தது ஒன்றுகூட இல்லை.

அக்காவின் சர்க்கரைக்கு மாத்திரை மாற்றினார்களா?

சண்முகவேல்


திருவொற்றியூர்
06-05-2025

மாப்பிள்ளைக்கு,

மரம் சாயும். சாய்வதால்தான் அது மரம். நான் அனுப்பியது இரும்பு.

தப்பு என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியிலேயே அதே தப்பை மறுபடி செய்திருக்கிறாய். இதற்கு நீ மன்னிப்புக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அஸ்திவாரம் போட்டாயிற்று. தூண் நின்றுவிட்டது. இப்போது வாசலைத் திருப்பு என்றால் நான் என்ன, குடையா கொடுத்திருக்கிறேன் திருப்பிப் பிடிக்க? கதவு வந்துவிட்டால் கிழக்கு, மேற்கு என்ற பேச்சே இல்லை. மூடிவிட்டால் நாலு பக்கமும் சுவர்தான்.

கதவு வேலை நடக்கிறது. வசீம் ஒட்டினான். சட்டத்தின் மூலையில் எனக்குத் திருப்தி இல்லை. அறுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொன்னேன். தண்டையார்பேட்டைக்காரன், வாயைக் கேட்க வேண்டுமா? "இன்னா நைனா, இதுல இன்னா கொறை கண்டுகினே? இத்த கப்பல்ல வெச்சு ஒட்னாலும் கயலாது" என்றான். கப்பலுக்குப் பதில் சொல்ல வேறு ஆள் இருப்பான், இந்தக் கதவுக்கு நான்தான் என்றேன். முனகிக்கொண்டே கிரைண்டரை எடுத்தான்.

உன் அக்காவுக்கு மாத்திரை மாற்றவில்லை. அதே மாத்திரை, அதே வாய்.

சுயம்பு


கரிசல்புளி
20-05-2025

அத்தானுக்கு,

கூரை முடிந்தது. பின்சுவர் ஷீட்டும் அடித்தாயிற்று. உள்ளே நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் இவ்வளவு அகலம் பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றது. நாம் போட்டதில் இது மாதிரி இல்லை அத்தான். நீங்கள் உள்ளே நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

ஜெயக்கொடி சாரிடம் கதவு வரட்டும், பொறுங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, விமானத்தை உள்ளே தள்ளிவிட்டார். ஆட்டுக்காரர்களுக்கெல்லாம் லட்டு. அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் எப்படி வெளியே எடு என்று சொல்வது?

இனிமேல் எழுதுவதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

காற்று தொடங்கிவிட்டது. வழக்கத்துக்கு முன்னாலேயே என்கிறார்கள். பிற்பகலில் எழும்பினால் பொழுது சாயும்வரை நிற்பதில்லை. கதவு இல்லாத வாசல் வழியாக நேராக உள்ளே வருகிறது. பின்சுவர் மூடியிருப்பதால் போக வழியில்லை. கூரையைத்தான் முட்டுகிறது. டீத்தூக்கில் கொதி வந்து மூடி ஆடுமே, அந்தச் சத்தம். இப்போதைக்குச் சின்னச் சத்தம்தான்.

பின்சுவரில் நடுவில் இருக்கும் ஷீட்டுகளைக் கழற்றிவிட்டால் வந்த காற்று அந்த வழியே நேராக வெளியே போய்விடும். கதவு வந்ததும் மறுபடி அடித்துவிடலாம். அதற்கு உங்கள் கோடு வேண்டும். ஒரே ஒரு நாள் வந்து, எதைக் கழற்றலாம் என்று மாக்கல்லால் கோடு போட்டுவிட்டுப் போங்கள். ரயிலடிக்கு நான் கார் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். என்னோடு பேச வேண்டாம். கோடு மட்டும் போடுங்கள்.

அல்லது கதவை அனுப்புங்கள். எந்த வெல்டிங்காக இருந்தாலும் பரவாயில்லை.

சண்முகவேல்


திருவொற்றியூர்
27-05-2025

சண்முகவேலுக்கு,

எந்த வெல்டிங்காக இருந்தாலும் பரவாயில்லை என்று என் பட்டறையிலிருந்து போன ஆள் எழுதுவதைப் படிக்கத்தான் நான் எழுபத்தோரு வயதுவரை இருந்தேன் போலிருக்கிறது.

வரமாட்டேன். வர முடியாது என்று எழுதவில்லை, கவனி. வரமாட்டேன். அந்த ஜெயக்கொடியும் நீயும் ஆட்டுக்காரனும் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, நான் போட்ட சுவரை நானே கழற்று என்று கோடு போட எனக்கு என்ன வந்தது?

கூரை சத்தம் போடும். புதுச் செருப்பு சத்தம் போடாதா? ஷீட் உட்காரும்வரை அப்படித்தான். ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்கு.

கதவு பாதிதான் ஆகியிருக்கிறது. பட்டறையில் வேலை கொஞ்சம் மெதுவாகப் போகிறது. அதற்குக் காரணம் உனக்கு வேண்டாம். நான் இங்கே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிரைண்டர் சத்தத்திலேயே வசீம் எங்கே ஏமாற்றுகிறான் என்று தெரியும்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று உன் அக்காவிடம் கேட்டு எழுதாதே. பேனா சரியில்லை.

சுயம்பு


கரிசல்புளி
05-06-2025

அத்தானுக்கு,

ஷாகுல் பாய் தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போகிற வழியில் நேற்று வந்தார். லாரியை விட்டு இறங்கி, கைலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். "யப்பா, இது இன்னா காத்து மாமு! நம்ம கடக்காத்து இதுக்குப் பேரப்புள்ள" என்றார். பிறகு டீ குடிக்கும்போது, "பெரியவரு எழுந்து நடக்கிறாரா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். பட்டறையில் கதவுச் சட்டத்தின் மேல் ஏறி மூலை பார்க்கப் போய் வழுக்கி விழுந்தீர்களாம், இடுப்பெலும்பு விட்டுப்போய் உள்ளே கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்களாம். சித்திரையிலேயே.

அக்கா என்னிடம் தினமும் பேசுகிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று கேட்டேன். "வடிவுடையம்மன் மேல சத்தியம் வாங்கிட்டாருடா. நீ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவியாம்" என்று அழுதாள்.

ஓடித்தான் வந்திருப்பேன். அதில் என்ன தப்பு? கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு, ஒரு நாள் வந்து போங்கள், கார் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறேனே. அதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும்?

நீங்கள் வர வேண்டாம். வர முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போது நான் கேட்பது ஒரே சொல். கழற்று என்று அக்காவிடம் சொல்லுங்கள், அவள் போனில் சொல்லிவிடுவாள். என்னோடு பேசியதாக ஆகாது.

கூரை இப்போது டீத்தூக்கு மூடி மாதிரி இல்லை அத்தான். முழுக் கூரையும் ஏறி இறங்குகிறது. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி. விமானத்தை வெளியே எடுத்துக் கட்டலாம் என்றால், வெளியே நிறுத்தினால் காற்று அப்போதே புரட்டிவிடும். அவ்வளவு லேசு. சுவரில் வழி திறப்பது ஒன்றுதான் பாக்கி. ஜெயக்கொடி சாரிடம் சொன்னேன். "அண்ணாச்சி போட்டது, அண்ணாச்சி சொல்லட்டும். நீங்க தை மாசமே வேற மாதிரி சொன்னவர்தானே" என்றார். உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று நான் அதற்குமேல் பேசவில்லை.

மத்தியானம் ஆனால் வேலையாட்கள் உள்ளே போக மாட்டேன் என்கிறார்கள். நான்தான் போய் நிற்கிறேன். நின்று என்ன செய்யப் போகிறேன், தெரியவில்லை.

சண்முகவேல்


திருவொற்றியூர்
13-06-2025

சண்முகவேலுக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா போனை எடுத்து உனக்குப் போட்டு, நேராக என் காதில் கொண்டுவந்து வைத்தாள். நீ "அத்தான், அத்தான்" என்றது கேட்டது. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு அவள் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன், உனக்கும் தெரியட்டும். "இடுப்புல கம்பி வெச்சாங்களே, அத அப்பிடியே மேல ஏத்திக் கழுத்துவரைக்கும் வெச்சுட்டாங்களா? கொஞ்சம்கூட வளையல." அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரி. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நடமாடுகிறாள். என்னை வழிக்குக் கொண்டுவரவாம்.

நான் விழுந்ததை உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் நீ ஓடி வருவாய் என்பது மட்டுமில்லை. சுயம்பு விழுந்துவிட்டான் என்று அந்தப் பொட்டலில் ஒரு பேச்சு வரும். ஆளே விழுந்தவன், அவன் போட்டது மட்டும் நிற்குமா என்று ஜெயக்கொடி நினைப்பார். அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

இந்த உறையில் என் மாக்கல் இருக்கிறது. எப்போதும் என் சட்டையின் மேல் பையில் இருக்கும், உனக்குத் தெரியும். பருத்தித் துணியில் சுற்றி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். என் கை படுத்திருக்கிறது, அதனால் கல் வருகிறது. பின்சுவரில் எதைக் கழற்ற வேண்டுமோ அதில் நீயே கோடு போடு. கல் என்னுடையது, அதனால் கோடு என்னுடையதாகவே இருக்கும். ஜெயக்கொடி கேட்டால் கல்லைக் காட்டு.

நீ சொன்னது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. வாசல் மேற்கே இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. கதவு வரும்வரை இது ஒரு தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான். உன் அக்கா சாப்பிட வேண்டும்.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் உன் காதில் இருக்கும். போனில் போனால் அது பேச்சு. நாற்பது வருடத்தில் நான் வாயால் கோடு போட்டதில்லை. கல் உன் கைக்கு வந்தபிறகு கழற்று.

கதவில் இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி.

சுயம்பு


கரிசல்புளி
16-06-2025

அத்தானுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை கொட்டகை போய்விட்டது.

முதலில் ஆட்களைப் பற்றி. யாருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஜெயக்கொடி சாருக்கு அதுவும் இல்லை.

காலையிலேயே வேறு மாதிரி இருந்தது. கணவாய்ப் பக்கம் வானம் கறுத்து, மழை வராமல் காற்று மட்டும் வந்தது. வேலையாட்களை விமானக்காரர்களின் பழைய ஆபீஸ் கட்டடத்துக்குள் போகச் சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனேன். அந்தப் பக்கம் காற்றே இல்லை. சுவர் மறைத்துக்கொண்டிருந்தது. ஏணி ஆடாமல் நின்றது. ஏறினேன். நடு ஷீட்டின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் கழன்றிருக்கும்.

உங்கள் கோடு இல்லை.

எத்தனையோ ஷீட்டில் உங்கள் கோட்டைப் பார்த்துக் கழற்றியிருக்கிறேன். வெள்ளையாக, ஓரத்தில் சின்னதாக ஒரு குறியோடு. அந்த இடம் வெறுமையாக இருந்தது. எண்ணூரில் நாம் வெளியே எடுத்த ஆளின் முகம் ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் இத்தனை கேட்டும் சொல்லாமல் இருப்பீர்களா என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதன்பிறகு நடந்ததை எழுத அதிகம் இல்லை. ஜெயக்கொடி சார் உள்ளே விமானத்தின் சிறகில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். "விடு சண்முகவேல், விடு, இந்த ஒரு முடிச்சு" என்றார். வாசலைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து விழுந்தோம். கூரை மேலே போனது. குடை திரும்புமே, அப்படி. ஒவ்வொரு ஷீட்டாகப் போகவில்லை, சட்டத்தோடு ஒரு பக்கம் முழுவதும் எழுந்து நின்றுவிட்டு, பிறகு பறந்தது. ஷீட் போன வேகத்தில் உள்ளே புகுந்த காற்று விமானத்தைத் தூக்கிப் பின்சுவரில் வைத்து அடித்தது. மல்லாந்து கிடக்கிறது. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணாச்சி போட்டது இல்லையா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு தார்ப்பாயை எடுத்து வந்து, மல்லாந்து கிடந்த விமானத்தை எப்போதும்போல மூடினார்.

தூண் எல்லாம் நிற்கிறது. ஒரு போல்ட்டும் அசையவில்லை.

அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

சண்முகவேல்


கரிசல்புளி
17-06-2025

அத்தானுக்கு,

தபால்காரர் இப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனார். துணியைப் பிரித்தேன். வழியில் மூன்றாக உடைந்திருக்கிறது. பெரிய துண்டு கைக்கு அடக்கமாக இருக்கிறது, எழுதும்.

எதில் கோடு போட?

சண்முகவேல்


திருவொற்றியூர்
24-06-2025

மாப்பிள்ளை சண்முகவேலுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபால்காரரே படிக்கட்டுவரை வந்து, "ரெண்டு கீது பெரியவரே" என்று கொடுத்தார். சின்னதை முதலில் பிரித்துவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. பிறகு பெரியதைப் படித்தேன்.

உன் அக்காவுக்கு நானே படித்துக் காட்டினேன். உன் போன் ஏன் அணைந்து கிடக்கிறது என்று ஒரு வாரமாகச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து போய் எனக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். தனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். இப்போது சாப்பிடுகிறாள். என் கிண்ணம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறிக் கிடக்கிறது.

கதவு சனிக்கிழமையே முடிந்துவிட்டது. வசீம் கடைசி மூலையை ஒட்டிவிட்டு ஜன்னலுக்கு வந்து, "நைனா, இப்ப வந்து பாரு. ஒரு கொறை சொல்லிரு பாக்கலாம்" என்றான். என்னைப் பிடித்து நிறுத்தி நடைவண்டியோடு பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டு கதவையும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். குறை இல்லை. விரலால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் வருவதற்கு முன்னால் அது. ஷாகுல் பாய்க்குச் சொல்லி அனுப்பி லாரிகூடப் பேசிவிட்டேன்.

ஜெயக்கொடிக்கு எழுத மூன்று தாள் கிழித்தேன். என்ன எழுதினாலும் அவர் விமானத்தை மூடிய தார்ப்பாய்தான் வந்து நிற்கிறது. அவர் கொட்டகை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஷாகுல் பாய் மூலம் கேள்விப்பட்டேன். சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கதவை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று வசீம் கேட்டான். கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். சாயங்காலம் ஆனால் கடல்காற்று வந்து அந்தக் கதவுகளில் மோதுகிறது. கட்டிலில் படுத்தபடி கேட்கிறேன். அசையவே இல்லை. அங்கே நிற்க வேண்டிய கதவு.

தூண் நிற்கிறது, போல்ட் அசையவில்லை என்று எனக்கு ஆறுதலுக்காக எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும். எழுத வேண்டியதில்லை.

இனி உன்மேல் எனக்கு இருக்கும் குறையைச் சொல்கிறேன்.

நீ என் பேச்சைக் கேட்கிற ஆளா? கல்யாணம் செய்துகொள் என்றேன், கேட்டாயா? பீடியை விடு என்று உன் அக்காவும் நானும் தொண்டை வற்றக் கத்தினோம். துறைமுகத்து வேலையில் பெல்ட் இல்லாமல் மேலே ஏறாதே என்று உன்னிடம் எத்தனை தடவை சண்டை போட்டேன், மறுநாளே ஏறினாய். தை மாதம் பார்ட்டியின் முன்னால் வாயை மூடு என்று கண்ணால் காட்டினேன், மூடினாயா? உன் வாழ்நாளில் நான் சொன்னதை நீ கேட்டதே இல்லை. அதை நம்பித்தான் நான் வீம்பாக இருந்தேன். நான் முடியாது என்று சொன்னாலும், அந்த ஷீட்டை நீ கழற்றிவிடுவாய் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. கழற்றிவிட்டு எனக்கு எழுதுவாய், நான் உன்னைத் திட்டி எழுதுவேன், கொட்டகை நிற்கும்.

ஏணியில் ஏறி, ஸ்பேனரை மாட்டிவிட்டு, அன்றைக்கு மட்டும் ஏன் என் பேச்சைக் கேட்டாய்?

இதற்குப் பதில் எழுதாதே. தபாலில் இனி எதுவும் வேண்டாம். அணைத்து வைத்த போனை எடு. உன் அக்கா நம்பருக்குப் போடு. அவள் எடுத்து என் காதில் வைப்பாள், நான் சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

சுயம்பு